ஸ்டீலுக்குள் எத்தனை ஓட்டை? படம் எடுக்காமலேயே எண்ணிச் சொல்லும் எக்ஸ்-கதிர்

கல்பாக்கத்தில் கட்டப்பட்டிருக்கும் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில், எரிபொருளைச் சுமப்பவை மெல்லிய ஸ்டீல் குழாய்கள். ஒவ்வொன்றின் விட்டமும் வெறும் 6.6 மில்லிமீட்டர்தான். நாம் எழுதும் பேனாவைவிட ஒல்லி.

உலை ஓட ஓட, இப்படிப்பட்ட ஸ்டீலுக்குள் ஓட்டைகள் உருவாகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சில நானோமீட்டரில் தொடங்கி, சில பத்து நானோமீட்டர் வரை வளரும் ஓட்டைகள் அவை. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம்.

ஓட்டைகள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று தெரிந்தால்தான் அந்தக் குழாயை இன்னும் எத்தனை நாள் நம்பலாம் என்று சொல்ல முடியும். சரி, கண்ணுக்கே தெரியாததை எப்படி எண்ணுவது?

அதற்குப் பயன்படும் வழிகளில் ஒன்று ‘சிறுகோண எக்ஸ்-கதிர் சிதறல்’. விஞ்ஞானிகள் சுருக்கமாக ‘சாக்ஸ்’ என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இதன் அடிப்படையை வீட்டு ஜன்னல் கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம்.

குறையே இல்லாத உலோகம் உண்டா?

நடைமுறையில் இல்லை. உலோகம் என்பது அணுக்கள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கும் ஓர் அடுக்கு. ஆனால், அந்த வரிசையில் எங்கோ ஓர் அணு இல்லாமல் காலியிடம் இருக்கும். எங்கோ ஒரு வரிசை பாதியிலேயே முடிந்துவிடும். எங்கோ வேற்று அணுக்கள் கும்பலாகச் சேர்ந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘குறைபாடு’.

பெயர்தான் அப்படி. எல்லாக் குறைபாடும் கெட்டது இல்லை. உலோகம் வளைவதே ஒரு குறைபாட்டால்தான்.

பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுத்துப் பாருங்கள், நகராது. ஒரு முனையில் சின்னதாக ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போனால், மொத்த ஜமக்காளமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். உலோகத்துக்குள் இந்த மடிப்பு வேலையைச் செய்வது, பாதியில் முடிந்துபோன அணு வரிசை. ஆங்கிலத்தில் ‘டிஸ்லொகேஷன்’ என்கிறார்கள். டெய்லர், ஓரோவன், போலான்யி ஆகிய மூன்று விஞ்ஞானிகள் 1934-ல் தனித்தனியாக இதை முன்வைத்தார்கள்.

இந்த மடிப்பு சுலபமாக ஓடினால் உலோகம் மெத்தென்று வளையும். வழியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் உலோகம் உறுதியாக நிற்கும். ஆகவே, உலோகத்தின் பலம் அதற்குள் எந்தக் குறைபாடு, எந்த அளவில், எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு வாரக் கடைசியில் வலுவான அலுமினியம்

இந்தக் கதையின் தொடக்கம் 1906. ஜெர்மனியில், பெர்லினுக்கு அருகே, ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் அலுமினியத்தை உறுதியாக்கப் போராடிக்கொண்டிருந்தார். ஸ்டீலைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். அதே வித்தையைக் கொஞ்சம் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தில் செய்து பார்த்தார். பெரிய பலன் இல்லை.

வாரக் கடைசியில் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து அளந்தபோது அது முன்பைவிடக் கெட்டியாக இருந்தது என்று உலோகவியல் வரலாற்றில் சொல்லப்படுகிறது. யாரும் தொடவில்லை, சூடுபடுத்தவில்லை. சும்மா கிடந்ததாலேயே வலுவாகியிருந்தது.

‘டியூராலுமின்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த இந்தக் கலவை, செப்பலின் வான்கப்பல்களின் எலும்புக்கூடாகவும் பின்னர் விமானங்களின் உடலாகவும் ஆனது. இன்றைய விமானங்களின் அலுமினியப் பாகங்கள் பலவற்றிலும் இதே வித்தைதான்.

ஆனால், ஏன் கெட்டியாகிறது? மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 1919-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பைச் சேர்ந்த மெரிக்கா, வால்டன்பெர்க், ஸ்காட் ஆகியோர், “மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத நுண்துகள்கள் உள்ளே பிரிந்து வருகின்றன” என்ற கருத்தை முன்வைத்தார்கள். அந்தத் துகளுக்கு நேரடியான ஆதாரம் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1938: கறையாகத் தெரிந்த விடை

பாரிஸில் ஆந்த்ரே கினியே என்ற இளம் இயற்பியலாளர், இதேபோன்ற அலுமினியம்-செம்புக் கலவை வழியாக எக்ஸ்-கதிரை அனுப்பிப் படத்தகட்டில் பதிவு செய்தார். அணு அடுக்குகளால் உருவாகும் கூர்மையான புள்ளிகளைத் தவிர, மங்கலான கோடுகள் தெரிந்தன. வழக்கமாக ‘பின்னணிக் கறை’ என்று தள்ளிவிடக்கூடிய சமாச்சாரம். கினியே அதைத் தள்ளவில்லை.

செம்பு அணுக்கள் ஒன்றுகூடி, ஒரே ஓர் அணு தடிமனில், சில நானோமீட்டர் அகலத்தில், சின்னச் சின்ன வட்டத் தகடுகளாக அமைந்திருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் பிரெஸ்டன் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரின் கட்டுரைகளும் 1938-ல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வெளியாயின. அந்தத் தகடுகளுக்கு இன்றும் ‘கினியே-பிரெஸ்டன் மண்டலம்’ என்றுதான் பெயர்.

வில்மின் அலுமினியத்தில் நடந்ததும் இதே வகை வேலைதான். சூடான அலுமினியத்தில் கரைந்திருந்த அணுக்கள், சட்டென்று குளிர்ந்ததும் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டன. பிறகு மெதுவாக நகர்ந்து கும்பல் சேர்ந்தன. ஜமக்காள மடிப்பின் பாதையில் ஆங்காங்கே கல் வைத்தது மாதிரி ஆயிற்று. மடிப்பு ஓட முடியவில்லை. உலோகம் கெட்டியானது.

நேராகப் போகும் கதிருக்கு மிக அருகே, சின்னக் கோணத்தில் விழும் சிதறலுக்குள் இப்படிப்பட்ட கும்பல்களின் அளவு ஒளிந்திருக்கிறது என்பதைக் கினியே கணக்காகவே எழுதிவைத்தார். சாக்ஸ் முறை பிறந்தது அப்படித்தான், அதுவும் உலோகத்தை ஆராயும்போது. இன்று புரதம், மருந்து, பிளாஸ்டிக் என்று எங்கும் பயன்படுகிறது.

கண்ணாடியில் ஊதிப் பாருங்கள்

ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டில் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, அதன் வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரியும். கண்ணாடியில் இருக்கும் ஒரு நீர்த்துளிகூடத் தனியாகத் தெரியாது. ஆனால் அந்த வட்டத்தை உண்டாக்குவது அவைதான்.

இதில் ஒரு விசித்திரம்: துளி சிறிதாக இருந்தால் வட்டம் பெரிதாகும், துளி பெரிதாக இருந்தால் வட்டம் சுருங்கும். ஆக, வட்டத்தின் அளவை அளந்தால் துளியின் அளவு தெரிந்துவிடும். துளியைப் பார்க்கவே வேண்டாம்.

சாக்ஸில் நடப்பதும் இதுவேதான். விளக்குக்குப் பதில் எக்ஸ்-கதிர். நீர்த்துளிக்குப் பதில் உலோகத்துக்குள் இருக்கும் ஓட்டையோ அணுக் கும்பலோ. கண்ணுக்குப் பதில் ஒரு டிடெக்டர்.

ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். 10 நானோமீட்டர் ஓட்டை என்றால், சிதறல் சுமார் 0.9 டிகிரிக்குள் அடங்கிவிடும். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. அவ்வளவுதான். 50 நானோமீட்டர் ஓட்டை என்றால் 0.2 டிகிரிகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், அலுமினியத்தின் அணு அடுக்குகள் தரும் புள்ளிகள் 38 டிகிரிக்கு மேல்தான் தொடங்கும். ‘சிறுகோணம்’ என்ற பெயர் வந்தது இதனால்தான்.

கருவியின் சவாலும் அதுதான். நேராக வரும் கதிர் கண்ணைக் கூசும் பிரகாசம். நமக்குத் தேவையான சிதறலோ அதை ஒட்டியே, மிக மங்கலாக இருக்கும். டிடெக்டரை 2 மீட்டர் தள்ளி வைத்தால், 10 நானோமீட்டர் ஓட்டையின் சேதி நடுப்புள்ளியிலிருந்து 3 சென்டிமீட்டருக்குள் விழும். அதனால் கதிரை ஊசிபோல் மெல்லியதாக்கி, காற்றும் சிதறடித்துவிடாமல் இருக்க வெற்றிடக் குழாய் வழியாக அனுப்பி, நேர்க்கதிரை மட்டும் ஒரு சின்ன உலோகத் தடுப்பால் மறைக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. இன்றைய எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஓட்டையைப் படமாகவே பார்க்கலாம், அணு வரிசையைக்கூடப் பார்க்கலாம். ஆனால், அதற்கு உலோகத்தைச் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். ஒரு படத்தில் தெரிவது ஒரு மைக்ரான் நீளம், ஒரு மைக்ரான் அகலம் கொண்ட ஒரு துணுக்கு மட்டும்.

சாக்ஸில் ஒரு சதுர மில்லிமீட்டர் கதிர், 50 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தாளின் வழியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், ஒரு மைக்ராஸ்கோப் படத்தில் தெரியும் உலோகத்தைப்போல இது 50 கோடி மடங்கு.

மைக்ராஸ்கோப் ஒரு வீட்டுக்குள் போய் எல்லோரையும் நேரில் பார்த்துவிட்டு வருவது மாதிரி. சாக்ஸ் மாவட்டம் முழுக்க மக்கள்தொகை எடுப்பது மாதிரி. அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள் என்பதால் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் ஆறு பேர் என்று சொல்ல முடியாது, இல்லையா?

இதில் மூன்று தகவல்கள் கிடைக்கும். சிதறல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதிலிருந்து சராசரி அளவு. மொத்தச் சிதறலைக் கூட்டினால், உலோகத்தில் எத்தனை சதவீதம் ஓட்டை அல்லது கும்பல் என்ற கணக்கு. அளவும் மொத்தமும் தெரிந்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

இன்னொரு வசதி: உலோகத்தைச் சூடுபடுத்திக்கொண்டே அளக்கலாம். கும்பல்கள் பிறப்பதையும் வளர்வதையும் நிமிடத்துக்கு நிமிடம் பின்தொடரலாம். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் மையத்தின் வலுவான எக்ஸ்-கதிரைக் கொண்டு, அலுமினிய வெல்டின் குறுக்கே இடம் இடமாக அளந்திருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் எந்த இடத்தில் கும்பல்கள் கரைந்துபோயின, எங்கே அளவுக்கு மீறிப் பெருத்தன என்று வரைபடமே போட முடிந்தது. வெல்டை ஒட்டிய பகுதி ஏன் பலவீனமாகிறது என்ற கேள்விக்கு இது பதில்.

ஏமாற்றிய சிதறல்

இந்த முறை எப்போதும் சரியாகவே சொல்லும் என்று நினைத்தால் தவறு. 1950-களில் ஒரு பெரிய குழப்பம் நடந்தது.

உருட்டி, வளைத்து, அடித்த உலோகங்களைச் சாக்ஸில் வைத்தபோது வலுவான சிதறல் கிடைத்தது. “அடிவாங்கிய உலோகத்துக்குள் நுண் ஓட்டைகள் உருவாகின்றன” என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால், அதில் பெரும்பகுதி ஓட்டையிலிருந்து வரவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

நடந்தது இதுதான். உலோகத்தின் ஒரு மணியில் பட்டு எக்ஸ்-கதிர் ஒரு பக்கம் திரும்புகிறது. பக்கத்து மணி ஏறக்குறைய அதே திசையில், ஆனால் ஒரு சின்னச் சாய்வுடன் நிற்கிறது. திரும்பிய கதிர் அதில் பட்டு மறுபடி திரும்பி, கிட்டத்தட்டப் பழைய பாதைக்கே வந்துவிடுகிறது. வெளியே பார்ப்பவருக்கு, கதிர் கொஞ்சமாக விலகியதுபோல் தெரியும். அப்படியே ஓட்டையின் கையெழுத்து மாதிரியே இருக்கும்! அடிவாங்கிய உலோகத்தில் இப்படிச் சாய்ந்த மணிகள் அதிகம் என்பதால், சிதறலும் அதிகம்.

தப்பிக்க வழி என்ன? அணு அடுக்குகளின் இடைவெளியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான அலையைப் பயன்படுத்தினால், இந்த இரட்டைத் திருப்பம் நடக்கவே முடியாது. அலுமினியத்தில் அந்த எல்லை சுமார் 0.47 நானோமீட்டர். ஆனால், அவ்வளவு நீளமான எக்ஸ்-கதிர் உலோகத்துக்குள் நுழைந்ததுமே உறிஞ்சப்பட்டுவிடும். நியூட்ரான் கற்றைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால் பல ஆய்வுகளில் எக்ஸ்-கதிரும் நியூட்ரானும் ஜோடியாகவே வேலை செய்கின்றன. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் சிறுகோண நியூட்ரான் கருவிகள் உள்ளன. எக்ஸ்-கதிருக்கு இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் இருக்கிறது.

எதெல்லாம் தெரியாது?

எக்ஸ்-கதிர் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கும். அலுமினியத்துக்கு 13 எலெக்ட்ரான், செம்புக்கு 29. நல்ல வித்தியாசம், பளிச்சென்று தெரியும். மெக்னீசியத்துக்கு 12. அலுமினியத்துக்குள் மெக்னீசியம் மட்டும் கும்பல் சேர்ந்தால், வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதியது மாதிரிதான்.

அணு உலைகளின் தடித்த ஸ்டீல் கலனிலும் இதே சிக்கல். நியூட்ரான் அடியில் அந்த ஸ்டீலில் இருக்கும் கொஞ்சம் செம்பு, சில நானோமீட்டர் கும்பல்களாகச் சேர்ந்து ஸ்டீலை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். ஆனால் இரும்புக்கு 26, செம்புக்கு 29. எக்ஸ்-கதிருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நியூட்ரானுக்குத் தெரியும், காரணம், நியூட்ரான் காந்தத்தையும் உணரும். காந்த இரும்புக்கு நடுவே காந்தமில்லாத செம்புக் கும்பல் ஓர் ஓட்டை மாதிரி நிற்கும்.

இன்னும் இரண்டு வரம்புகள். ஒன்று, சிதறலை மட்டும் வைத்து அது ஓட்டையா, கெட்டியான துகளா என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். இரண்டு, பெரியவர்களின் சத்தம் சிறியவர்களை அமுக்கிவிடும். விட்டம் இரு மடங்கான ஒரு துகள், 64 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தால்கூடக் கணக்கு குழம்பும். ஆகவே, மைக்ராஸ்கோப்பில் சிலவற்றை நேரில் பார்த்து, எது என்று உறுதி செய்துகொண்டுதான் சாக்ஸில் எண்ண வேண்டும்.

மீண்டும் அந்த 6.6 மில்லிமீட்டர் குழாய்

1967-ல், ஸ்காட்லாந்தின் டூன்ரே வேக உலையில் இருந்து எடுத்த ஸ்டீலை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த காதோர்ன், ஃபுல்டன் ஆகிய இருவரும் அதற்குள் நுண் ஓட்டைகளைக் கண்டார்கள். வேக உலை வடிவமைப்பாளர்களுக்கு அது பெரிய தலைவலியின் தொடக்கம்.

ஓட்டை எப்படி வருகிறது? வேகமான நியூட்ரான் மோதினால் அணு தன் இடத்தைவிட்டுத் தெறிக்கும். பின்னால் ஒரு காலியிடம் மிஞ்சும். பெரும்பாலான அணுக்கள் ஏதாவது ஒரு காலியிடத்தை நிரப்பிவிடும். கொஞ்சம் மட்டும் மிச்சமாகும். ஆனால், உலையில் இருக்கும் காலத்தில் ஒவ்வோர் அணுவும் சராசரியாகப் பல பத்து முறை தெறிக்கிறது. மிச்சமான காலியிடங்கள் ஒன்றுசேர்ந்தால் ஓட்டை. இதற்கு ஏற்ற வெப்பநிலையும் ஈனுலையில் இருக்கிறது: கல்பாக்கம் உலையில் திரவ சோடியம் சுமார் 400 டிகிரியில் நுழைந்து 550 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியேறும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது.

ஓட்டை விழுந்தால் உலோகம் எங்கும் போய்விடாது, உப்பும். கன அளவு 3 சதவீதம் கூடினால், நீளம், அகலம் என்று ஒவ்வொரு பக்கமும் சுமார் 1 சதவீதம் கூடும். தனியாக ஒரு குழாய் என்றால் பரவாயில்லை. ஒரே அறுகோணக் கூட்டுக்குள் இப்படி 217 குழாய்கள் நெருக்கி நிற்கின்றன. நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில்தான் சோடியம் ஓடி வெப்பத்தை எடுத்துப் போக வேண்டும். குழாய்கள் உப்பி, கோணினால் அந்தப் பாதை சுருங்கும். அதோடு, அதிகமாக உப்பிய ஸ்டீல் எளிதில் நொறுங்கவும் செய்யும்.

இதற்காகவே கல்பாக்கம் உலையின் எரிபொருள் குழாய்க்கு ‘டி9’ என்ற ஸ்டீலைத் தேர்ந்தெடுத்தார்கள். 15 சதவீதம் குரோமியம், 15 சதவீதம் நிக்கல், அதோடு கொஞ்சம் டைட்டானியம். இந்த டைட்டானியம் கரியோடு சேர்ந்து நானோ அளவுத் துகள்களாகப் பரவி நிற்கும். மோதலில் உருவாகும் ஹீலியத்தை இவை அங்கங்கே பிடித்து வைத்துக்கொள்வதால், ஓட்டை பெரிதாக வளர்வது தள்ளிப்போகிறது. சூட்சுமம் இதுதான்: ஒரு குறைபாட்டைத் தடுக்க, வேண்டுமென்றே இன்னொரு குறைபாட்டை உள்ளே வைப்பது.

எக்ஸ்-கதிருக்கு ஓட்டைதான் மிகச் சுலபமான இரை. இரும்பின் 26 எலெக்ட்ரானுக்கு எதிரே வெறுமை. அதைவிடப் பெரிய வித்தியாசம் என்ன வேண்டும்? தோராயக் கணக்கில், அதே அளவுள்ள செம்புக் கும்பலைவிட ஓட்டை சுமார் 75 மடங்கு வலுவாகச் சிதறடிக்கும். தடை ஒன்றுதான்: சாதாரண ஆய்வகக் கதிர், ஸ்டீலில் சில மைக்ரான் ஆழத்திலேயே அடங்கிவிடும். தடிமனான துண்டைத் துளைக்க சிங்க்ரோட்ரானின் உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர் வேண்டும், அல்லது நியூட்ரான் வேண்டும்.

இவை எல்லாம் சேர்ந்தாலும், “இந்தக் குழாய் அடுத்த வாரம் உடையுமா?” என்ற கேள்விக்கு சாக்ஸ் நேரடியாகப் பதில் சொல்லாது. விரிசல் எங்கே தொடங்கும் என்பது ஒரே ஒரு மோசமான இடத்தைப் பொறுத்தது. சராசரி எடுக்கும் முறைக்கு அந்த ஓர் இடம் தெரியாது. ஆனால், இத்தனை மோதலுக்குப் பிறகு ஓட்டைகளின் மொத்தப் பங்கு இவ்வளவு, சராசரி அளவு இவ்வளவு என்று அது தரும் எண்கள் இல்லாமல், எரிபொருளை உலையில் எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நம்பிக்கையோடு எழுதுவது கஷ்டம்.